கார் ஷெட்டுக்குள் ஹாட் டப்: டப்பைப் பார்க்கும் முன் தரைக்கு அடியில் பாருங்கள்

கேள்வி இது. கிருஷ்ணகிரியில் சொந்த வீடு. முன்பக்கம் 11 அடிக்கு 20 அடியில் கார் ஷெட், மூன்று பக்கம் சுவர், முன்னால் ரோலிங் ஷட்டர், மேலே கான்கிரீட் தளம். காரை இனி வெளியே நிறுத்திக்கொண்டு, ஷெட்டுக்குள் ஐந்து பேர் உட்காரும் ஹாட் டப், அதாவது ஹீட்டரும் ஜெட்டும் வைத்த வெந்நீர்த் தொட்டி, வைக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அவருக்கும் உதவும் என்று ஓர் எண்ணம். "கார் நின்ற தரைதானே, அப்படியே இறக்கிவிடலாம்" என்கிறார் மேஸ்திரி. "கீசர் லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். ஸ்கூட்டர் இரண்டும் அதே ஷெட்டில்தான் நிற்கும். இது சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் மேஸ்திரி சொன்னதும் தவறு, எலக்ட்ரீஷியன் சொன்னதும் தவறு. டப் விற்பவர் கொடுக்கும் காகிதத்தில் டப்பைப் பற்றி எல்லாம் இருக்கும். உங்கள் ஷெட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. இந்த வேலையில் முக்கால் பங்கு ஷெட் வேலைதான், டப் வந்து உட்காருவது கடைசி நாள் கூத்து. இந்தப் பக்கம் வீடு கட்டும் வேலையில் இருப்பவன் என்பதால் நம்மூர் ஷெட்டுகளில் என்னென்ன இடிக்கும் என்பதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எடை. ஐந்து பேர் டப் ஏறக்குறைய 2 மீட்டருக்கு 2 மீட்டர் இருக்கும். 1,200 லிட்டர் தண்ணீர் பிடிப்பதாக வைத்துக்கொண்டால் அதுவே 1,200 கிலோ. வெறும் டப் 300 கிலோ, ஐந்து பேர் இறங்கினால் இன்னொரு 350. மொத்தம் 1,850 கிலோ, நாலு சதுர மீட்டரில். சதுர மீட்டருக்கு 460 கிலோ வருகிறது. மேஸ்திரி சொல்லும் அதே காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,200 கிலோ கார் ஆறேழு சதுர மீட்டரில் பரந்து நிற்கிறது, சதுர மீட்டருக்கு 180 கிலோ தேறினால் அதிகம். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரக் குறியீடும் சிறிய வண்டிகள் நிற்கும் தளத்துக்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ என்றுதான் கணக்கு வைக்கச் சொல்கிறது. வீட்டு அறைகளுக்கு 200 கிலோதான். மொட்டை மாடியில் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம்.

உங்கள் ஷெட் தரைத்தளத்தில் இருக்கிறது. தளத்துக்குக் கீழே நேராக மண் என்றால் 460 கிலோ ஒரு விஷயமே இல்லை. இறுகிய கிராவலும் செம்மண்ணும் அதைப் போலப் பல மடங்கு தாங்கும். கேள்வி, கீழே மண்தானா என்பது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எங்கே பார்த்தாலும் சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை, எங்கே தோண்டுகிறோம்? போர்டிகோவுக்கு அடியில். செப்டிக் டேங்க் பல வீடுகளில் அதற்குப் பக்கத்திலேயே. போர்வெல் குழியும் அநேகமாக அங்கேதான், மேலே ஒரு டைல்ஸ் ஒட்டிய மூடியோடு. சம்ப்பின் மேல்தளம் நாலைந்து அங்குலக் கான்கிரீட். கார் போய்வருவதை மனதில் வைத்துப் போட்டது அது. வருடக்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு டன்னுக்குப் போட்டதல்ல.

அது தாங்கினாலும் நான் வைக்க விடமாட்டேன். சம்ப் மூடி டப்புக்கு அடியில் போய்விட்டால் அதை இனி எப்படிக் கழுவுவீர்கள்? டப்பிலிருந்து வழியும் குளோரின் தண்ணீரும் சோப்பும் வியர்வையும் மூடி இடுக்கு வழியாகக் குடிதண்ணீரில் சேரும். போர் என்றால் மோட்டார் பழுதாகும்போது குழாயை மேலே உருவ வேண்டும். நம் பக்கம் 800, 1,000 அடி போன போர்களும் உண்டு, அத்தனை நீளக் குழாயையும் வெளியே எடுக்க மேலே திறப்பும் பக்கத்தில் இடமும் வேண்டும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை சம்ப் மூடியைத் திறந்து, ஒரு நீளக் குச்சியை உள்ளே விட்டு, நாலு பக்கமும் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, மேலே தரையில் சாக்பீஸால் அப்படியே கோடு போடுங்கள். உள்ளே ஆளை இறக்கத் தேவையில்லை, இறக்கவும் கூடாது. செப்டிக் டேங்குக்கு வீட்டு பிளானைப் பாருங்கள், பிளான் இல்லையென்றால் கட்டிய மேஸ்திரியைக் கேளுங்கள். அந்தக் கோடுகளுக்கு வெளியே 2 மீட்டர் சதுரம் ஒன்று கிடைக்கிறதா? கிடைத்தால் மேலே படியுங்கள். கிடைக்கவில்லையென்றால் ஷெட்டை விட்டுவிட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு ஷீட் கொட்டகை போடுவதுதான் புத்திசாலித்தனம், கீழே வரும் மற்ற விஷயங்களில் பாதியும் அங்கே தானாகவே தீர்ந்துவிடும்.

அடுத்தது மட்டம். கார் ஷெட் தரை மட்டமாக இருக்காது, இருக்கவும் கூடாது. மழைத்தண்ணீர் வெளியே ஓட வாசல் பக்கம் வாட்டம் விட்டிருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால்கூட 2 மீட்டர் நீளத்தில் 2 சென்டிமீட்டர் இறங்கிவிடும். டப்பில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் மேல்தண்ணீரை ஃபில்டருக்கு இழுக்கும் ஸ்கிம்மர் காற்றை இழுக்கும், டப்பின் அக்ரிலிக் ஓட்டில் ஒரு மூலைக்கு மட்டும் பாரம் ஏறும். இதற்கு டைல்ஸ் துண்டு, பிளைவுட் துண்டு என்று மூலைக்கு மூலை முட்டுக் கொடுப்பார்கள். அப்படிச் செய்த அக்ரிலிக் ஓடு நடுவில் தாங்கல் இல்லாமல் தொங்கி ஒருநாள் விரிசல் விடும், கேரண்டியும் செல்லாது. இருக்கும் டைல்ஸை அந்த இடத்தில் பெயர்த்துவிட்டு, மண்ணைத் திமிசால் குத்தி இறுக்கி, 8 மி.மீ. கம்பி பின்னல் வைத்து, எம்20 கான்கிரீட்டில் 4 முதல் 6 அங்குலத்துக்கு ஒரு மேடை போடுங்கள். மேற்பரப்பை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். 14 நாளாவது தண்ணீர் கட்டி, 28 நாள் கழித்து டப்பை நிரப்புங்கள். மேடையைச் சுற்றியுள்ள தரை மட்டும் வாட்டத்தோடு இருந்து ஒரு 4 அங்குல ஃப்ளோர் டிராப்பில் (தரை வடிகாலில்) சேரட்டும். அந்தத் தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் வேண்டாம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கல்லுக்குப் பஞ்சமா? ஃபிளேம் செய்த, சொரசொரப்பான கிரானைட் வாங்கிப் போடுங்கள், ஈரக்காலோடு நடக்க அதைவிட நல்லது கிடையாது. பாலிஷ் செய்த கிரானைட் மட்டும் கூடவே கூடாது.

இடம் பற்றி ஒரு வார்த்தை. 11 அடி அகலத்தில் ஆறரை அடி டப்பை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டடிச் சில்லறை கிடைக்கும். அதை வீண் இடம் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள். பம்ப்பும் ஹீட்டரும் பக்கப் பலகைக்குப் பின்னால் இருக்கின்றன. லீக் எந்தப் பக்கமும் வரலாம். தண்ணீரோடு டப்பை நகர்த்த முடியாது. மூடியைத் தூக்கி மடக்கும் கைப்பிடி வாங்கினால் பின்னால் இன்னும் ஒன்றரை, இரண்டு அடி கேட்கும். உள்ளே கொண்டுவரும்போது டப்பைப் பக்கவாட்டில் நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு வருவார்கள், ஷட்டர் திறந்த உயரம் 7 அடியாவது இருக்கிறதா என்று பாருங்கள். தெருவில் ஹைட்ரா கிரேன் நிற்க இடமும், மேலே ஒயர் குறுக்கிடாமலும் இருக்க வேண்டும்.

இனி நீராவி. என்னைக் கேட்டால் மூடிய ஷெட்டில் டப் வைப்பதன் உண்மையான பிரச்சினை இதுதான், எடையைவிட, கரண்ட்டைவிட. ஏனென்றால் மற்றவை முதல் நாளே தெரிந்துவிடும். இது இரண்டு வருடம் கழித்துத் தெரியும்.

38 டிகிரி தண்ணீர் 3 சதுர மீட்டர் பரப்பில் திறந்து கிடந்தால், காற்று 25 டிகிரியில் இருக்கும் மார்கழி மாலையில், மணிக்குச் சுமார் 2 லிட்டர் ஆவியாகும். ஜெட்டை ஓடவிட்டால் இன்னும் அதிகம். நாலு பேர் ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்து எழுந்தால் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் மூன்றை ஷெட்டின் சுவரிலும் தளத்திலும் தெளித்ததற்குச் சமம். அந்த ஈரம் வெறும் ஈரமல்ல, குளோரின் கலந்தது. ஷட்டர் தகடு குளிர்ந்திருப்பதால் முதலில் அங்கே வியர்க்கும், சேனலும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். பிறகு மேலே. நம் வீடுகளில் தளத்தின் அடிப்பக்கம் கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலக் கான்கிரீட் இருந்தால் பெரிய விஷயம். ஓதம் ஏறி ஏறிக் கம்பி துருப்பிடித்தால் அது ஊதிக் கான்கிரீட்டைத் தள்ளும், பூச்சு பாளம் பாளமாக விழும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதற்குமுன்பே தொங்கிவிடும். ஷெட்டிலிருந்து ஹாலுக்கு ஒரு கதவு இருக்கிறதா? அது மரக்கதவு என்றால் அடுத்த மழைக்காலம் முதல் சாத்த முடியாமல் உப்பி நிற்கும்.

இதற்கு வழி மிகவும் எளிது: ஷெட்டை மூடாதீர்கள். பனி கொட்டும் நாடுகளில் அடைத்த காரேஜுக்குள் வைக்கிறார்கள் என்றால் அங்கே வெளியே உட்கார முடியாது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முழுத் தகடு ஷட்டருக்குப் பதில் கண் கண்ணாக இருக்கும் கிரில் ஷட்டர் மாட்டுங்கள். பார்வைக்கு மறைப்பு வேண்டுமானால் உள்ளே ஒரு மூங்கில் தட்டி போதும். எதிர்ச் சுவரில் தளத்துக்குச் சற்றுக் கீழே முழு அகலத்துக்கு ஒன்றரை அடி உயரம் உடைத்து சிமெண்ட் ஜாலி வையுங்கள், கொசுவலையோடு. முன்னால் தாழ்வாக உள்ளே வரும் காற்று பின்னால் உயரத்தில் வெளியேறும். பின்சுவர் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்து உடைக்க முடியாதென்றால் பக்கச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். உங்கள் ஷெட்டின் காற்று 60 கன மீட்டர் அளவு, மணிக்கு ஆறு முதல் எட்டுத் தடவை மாறினால் போதும். அதாவது மணிக்கு 400, 500 கன மீட்டர் தள்ளும் ஃபேன். டப்பை மூடிய பிறகும் அரைமணி நேரம் அது ஓட டைமர் வையுங்கள். தளத்தின் அடிப்பக்கத்தைச் சுரண்டி, பொத்தல் இருந்தால் பாலிமர் கலவையால் அடைத்து, எபாக்ஸி பெயிண்ட் இரண்டு கோட். இதை டப் வருவதற்குமுன் செய்யுங்கள், வந்தபின் சாரம் கட்ட இடம் இருக்காது.

இந்தச் செலவையெல்லாம் பாதியாக்கும் ஒரு பொருள் டப்பின் மூடி. கனமான, ஓரம் பொருந்தி உட்காரும் நுரை மூடி இருந்தால் ஆவியாவது கிட்டத்தட்ட நின்றுவிடும். டப்பில் பேரம் பேசுங்கள், மூடியில் பேசாதீர்கள்.

மின்சாரம். ஹீட்டர் 3 கிலோவாட், ஜெட் பம்ப் ஒன்றரை, சின்ன பம்ப்பும் காற்று ஊதும் புளோயரும் சேர்த்து மொத்தம் 5 கிலோவாட் பக்கம் வரும், 22 ஆம்பியர். கீசர் லைன் 16 ஆம்பியருக்கு இழுத்தது, அதுவும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஓடுவதற்கு. இது ஆறேழு மணிநேரம் விடாமல் ஓடும். மெயின் போர்டிலிருந்து தனியாக 6 சதுர மி.மீ. காப்பர் கேபிள், லோடு கூடினால் துண்டிக்கும் 32 ஆம்பியர் எம்சிபி, அதோடு கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. இதில் கடைசியாகச் சொன்னதுதான் உயிரைக் காப்பது. எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. பழைய வீடுகளில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் கலந்து கிடப்பதால் ஆர்சிசிபி சும்மா சும்மா ட்ரிப் ஆகும். உடனே அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மூரில் உண்டு. அப்படிச் செய்யும் எலக்ட்ரீஷியனை அன்றோடு மாற்றிவிடுங்கள். ட்ரிப் ஆவதற்கான காரணத்தைத் தேடுபவர்தான் வேண்டும்.

எர்த் பற்றி நம் மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. மூன்றடி தோண்டினால் பாறை. எர்த் குழி ஆழமாகப் போகாது, சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். டப்புக்கென்று புதிதாக ஒரு எர்த் பிட் போட்டு, மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், கோடையில் மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். ஷட்டர் சேனல், இரும்புக் கதவு, கைப்பிடிக் கம்பி, மேடையின் கம்பிப் பின்னல் எல்லாவற்றையும் ஒரே எர்த் ஒயரில் இணைக்க வேண்டும். ஈரக்கையோடு டப்பில் இருந்தபடி ஷட்டரைத் தொட்டால் இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதற்காக.

டப்பின் விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் சுவிட்ச், பிளக் எதுவும் வேண்டாம் என்பது பொது விதி. 11 அடி ஷெட்டில் இதன் அர்த்தம், பக்கச் சுவர்களில் இருக்கும் போர்டு அத்தனையும் இடம் மாற வேண்டும் என்பதே. மேலே சீலிங் ஃபேன் இருந்தால் கழற்றுங்கள். மூன்றடி உயர டப்பின் விளிம்பில் ஏறி நிற்பவரின் தலை அதில் படும். டப்பிலிருந்து கைக்கு எட்டாத, ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் டப்பின் கரண்ட்டை மொத்தமாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்று இருக்கட்டும். இந்த லோடுக்கு இ.பி. ஆபீஸில் கூடுதல் லோடு எழுதிக் கொடுத்து, சிங்கிள் பேஸ் என்றால் த்ரீ பேஸாக மாற்றிக்கொள்வது நல்லது. கிருஷ்ணகிரியைச் சுற்றி மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் இடமென்றால் இன்னொன்று: 230க்குப் பதில் 200 வந்தால் ஹீட்டரின் சக்தி முக்கால்வாசிதான், பம்ப் மோட்டார் வேறு சூடாகும். லோ வோல்டேஜில் தானே கட் ஆகும் ரிலே ஒன்று போடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டப் வாங்குவது வேண்டாம். அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் மெதுவாகச் சுற்றிக் கொதிக்கும்.

கரண்ட் பில் எவ்வளவு? 1,200 லிட்டரை 24 டிகிரியிலிருந்து 38க்கு ஏற்ற ஏறக்குறைய 20 யூனிட், 3 கிலோவாட் ஹீட்டரில் ஆறரை மணிநேரம். ஏற்றிய சூட்டை அப்படியே வைத்திருக்க நல்ல மூடியோடு நாளுக்கு 5 யூனிட் அக்கம்பக்கம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் கூடுதல். வீட்டில் ஏற்கெனவே 300 ஓடுகிறதென்றால் 500ஐத் தாண்டிவிடுவீர்கள், தாண்டினால் கீழ்ப்படி விலைச் சலுகையும் போய்விடும். வாரம் ஒரு நாள்தான் இறங்குவீர்கள் என்றால் எப்போதும் சூடாக வைக்காதீர்கள். சனிக்கிழமை காலையில் ஹீட்டரைப் போட்டால் மாலைக்கு ரெடி. ஃபில்டர் பம்ப் மட்டும் தினமும் சில மணிநேரம் ஓடித்தான் ஆக வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஹீட்டரே தேவைப்படாது. பம்ப்பின் சூட்டிலேயே தண்ணீர் 35ஐத் தாண்டிவிடும், மூடியை இரவில் திறந்து வைத்துக் குளிரவிட வேண்டியிருக்கும். நேர்மையாகச் சொன்னால் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் வெந்நீர் டப்பின் சுகம் கார்த்திகை முதல் மாசி வரைதான். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தளிப் பக்கம் என்றால் வருடத்தில் பாதி நாள் பயன்படும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். நம் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டதென்று உங்கள் வீட்டுக் கீசர் காயிலைக் கழற்றியபோதே பார்த்திருப்பீர்கள், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருக்கும். டப் ஹீட்டருக்கும் அதே கதிதான், இன்னும் மோசமாக. ஏனென்றால் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு டப்பிலேயே தங்கிவிடும். குறைந்ததை மறுபடி போர்த் தண்ணீரால் நிரப்புவீர்கள், இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். ஜெட் துளைகள் அடையும், தண்ணீர் கலங்கியே இருக்கும், எவ்வளவு மருந்து போட்டாலும் தெளியாது. கால்சியம் கடினத்தன்மை 150 முதல் 250 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பிஎச் 7.2 முதல் 7.8, மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120: இந்த எல்லைக்குள் இருந்தால்தான் டப்புக்கு நல்லது. முதலில் போர்த் தண்ணீரை லேபில் கொடுத்துச் சோதியுங்கள்.

ஃபுளோரைடு பற்றிப் பயப்படுபவர்கள் உண்டு. இந்த இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் அது அதிகம், அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் பல்லையும் எலும்பையும் கெடுப்பது வருடக்கணக்கில் குடிக்கும் தண்ணீர். அதில் உட்கார்ந்து எழுவதால் ஒன்றும் ஆகாது. குழந்தைகள் டப் தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதே ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து டப்பை நிரப்பலாமே என்று நினைக்காதீர்கள். குடத்தோடு காத்திருக்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன.

இருப்பதிலேயே நல்லது மழைத்தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரே நாளில் 25 மி.மீ. பெய்தால் சிந்தியது போக 1,800 லிட்டர் சேரும், டப்புக்கு மேலேயே. முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டு, மணல் வடிகட்டி வழியாகத் தனித் தொட்டியில் பிடியுங்கள். சுத்த மழைத்தண்ணீரில் கால்சியம் இல்லாததால் அது உலோகத்தை அரிக்கும், நுரையும் தள்ளும். அதனால் போர்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து அந்த 150க்குக் கொண்டுவாருங்கள். சாஃப்ட்னர் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதன் தண்ணீரையும் இப்படிக் கலந்தே பயன்படுத்துங்கள். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர் எக்காரணம் கொண்டும் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கிருமிக்கு குளோரின். சூட்டில் அது சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் நீச்சல் குளத்தைவிட இங்கே அதிகம் வேண்டும். குறைந்தது 3 பிபிஎம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். இதை அலட்சியம் செய்தால் உடம்பெல்லாம் சிவப்புக் கொப்புளம் வரலாம். லெஜியோனெல்லா என்ற கிருமி நீராவியோடு மூச்சில் போனால் நிமோனியாவே வரலாம், வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குப் பிடித்த இடம். வாங்க வேண்டியது டைகுளோர் தூள். கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அதிலிருக்கும் சுண்ணாம்பு அடியில் படிந்து நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கும். நீச்சல் குளத்து ட்ரைகுளோர் மாத்திரையும் வேண்டாம், அமிலத்தன்மை அதிகம், ஓட்டை அரிக்கும். சோதனைப் பட்டையை இறங்குவதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் நனைத்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கும் ஆசை யாருக்காவது இருந்தால் முளையிலேயே கிள்ளிவிடுங்கள், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே.

தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. லிட்டரை 11ஆல் வகுத்து, வரும் எண்ணை ஒரு நாளைக்குச் சராசரியாக இறங்கும் ஆட்களால் வகுங்கள். 1,200 லிட்டர், நாளுக்கு இரண்டு பேர் என்றால் 54 நாள். வெளியே விடும் தண்ணீரை செப்டிக் டேங்கில் விடாதீர்கள், குளோரினும் வெள்ளமும் அங்கிருக்கும் பாக்டீரியாவைக் கொன்று, கழிவைக் கிளறி வெளியே தள்ளும். மருந்து போடாமல் இரண்டு மூன்று நாள் மூடியைத் திறந்து வைத்தால் குளோரின் இறங்கிவிடும். பட்டையில் பூஜ்யம் காட்டியபின் தென்னைக்கு விடுங்கள், தென்னை உப்பைத் தாங்கும்.

உங்கள் அப்பா விஷயம். வெதுவெதுப்பான தண்ணீரில் மூட்டு இளகும், தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் முழங்காலுக்குப் பாரம் குறையும். இதெல்லாம் உண்மை. அமெரிக்காவில் கேண்டிடோ ஜக்கூஸி தொட்டிக்குள் வைக்கும் பம்ப்பைச் செய்ததே மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தன் மகனுக்காகத்தான். ஆனால் ஒன்று யோசித்தீர்களா? டப்பின் சுவர் மூன்றடி உயரம். முழங்கால் வலிக்காரர் மூன்று படி ஏறி, விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து, வழுக்கும் இருக்கையில் இறங்கி, பதினைந்து நிமிடம் கழித்து ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் அதே வழியாக ஏறி வர வேண்டும். ஐந்து பேர் டப் வாங்குமுன் அவரை ஒரு மூன்றடிச் சுவரில் கைப்பிடியோடு ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அவருக்காக என்ற காரணத்தை விட்டுவிடுங்கள், நடந்து உள்ளே போய் உட்காரும்படி கதவு வைத்த ஒற்றையாள் தொட்டிகள் குளியலறைக்கு உண்டு. டப்பைத் தரைக்குள் புதைத்தால் உயரம் குறையுமே என்று மேஸ்திரி யோசனை சொல்வார். பம்ப்பும் ஹீட்டரும் குழிக்குள் போனால் பழுது பார்க்க வழியில்லை, ஐப்பசி மழையில் குழி நிறைந்தால் அத்தனையும் போச்சு. ஏற முடிந்தால் அகலமான படியும் இரண்டு பக்கக் கைப்பிடியும் போட்டு, 38 டிகிரிக்கு மேல் போகாமல், 15 நிமிடத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிபி, இதயம், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவரானால் டாக்டரிடம் கேட்ட பிறகு. வேறு யாராக இருந்தாலும் 40 டிகிரிதான் உச்சம், கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இறங்கக் கூடாது.

கடைசியாக ஸ்கூட்டர். பெட்ரோல் வண்டியை டப் இருக்கும் ஷெட்டில் நிறுத்த வேண்டாம். உள்ளே ஸ்டார்ட் செய்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கும், அது தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலே மயக்கம் தரும். பெட்ரோல் கசிவும் ஹீட்டர் ரிலேயின் தீப்பொறியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியும் அங்கே இருக்கிறதென்றால் அதையும் மாற்றுங்கள், ஈரத்தில் டெர்மினல் பச்சை பூத்துவிடும். டப் மருந்து டப்பாவை எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில் இருக்கும் அலமாரியில் வைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. குளோரின் தூளில் பிரேக் ஆயில் சிந்தினால் தீக்குச்சி இல்லாமலே பற்றி எரியலாம். இரண்டையும் வேறு வேறு இடத்தில், மருந்தை உலர்ந்த, பூட்டும் அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். டப் மூடிக்கும் பூட்டு இருக்கும், சாவியை ஷெட்டில் மாட்டாமல் வீட்டுக்குள் மாட்டுங்கள்.